விடுவதற்கு ஒன்றும் இல்லாத வீடு

எளிய வாழ்வு ஆணையத்தின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கல். வெறும் கூழாங்கல்தான். ஆற்றங்கரையில் கிடந்தால் நாய்கூட மோந்து பார்க்காது. ஆனால் இங்கே அதற்கு ஒரு பளிங்கு மேடை, மேடைமேல் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்கு நேராக ஒரு விளக்கு, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. 'மனிதனுக்கு இவ்வளவு போதும்' என்பது அந்தக் கல் சொல்லும் சேதியாம். காவலாளி உட்கார ஒரு முக்காலி கேட்டிருந்தார். முக்காலி போட்டால் கூடத்தின் எளிமை கெட்டுவிடும் என்று மேலிடம் மறுத்துவிட்டது. அவர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

கல்லைத் தாண்டினால் லிப்ட். அதை இயக்குபவர்தான் நம் ஆள். ஆணையத்தில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. 'லிப்ட்காரரே' என்றால் திரும்பிப் பார்ப்பார். சொன்னதைச் செய்வார், சொல்லாததைக் கேட்க மாட்டார். பெரிய மனிதர்கள் பேசுவது புரியாவிட்டால் அது தன் அறிவின் குறை என்று மனதார நம்புகிற ரகம்.

மற்ற இடங்களில் லிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும். இங்கே பெரும்பாலும் நாற்காலிகளைத்தான் ஏற்றி இறக்கியது. மேல் மாடியில் 'வெறுமைக் கூடம்' என்று ஓர் அறை. அதற்குள் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் கூட்டம் நடத்த வேண்டாமா? நடத்தினால் அதிகாரிகள் உட்கார வேண்டாமா? ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடித்தளத்திலிருந்து தோல் நாற்காலிகள், நீள மேசை, கம்பளம், பூச்சாடி எல்லாம் மேலே போகும். கூட்டம் முடிந்ததும் எல்லாம் கீழே இறங்கும். அப்புறம் அதிகாரிகள் வெறும் தரையில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுத்தபின் அவர்களால் எழுந்திருக்க முடியாது. கை கொடுத்துத் தூக்கிவிடவும் லிப்ட்காரரைத்தான் கூப்பிடுவார்கள். முட்டியைப் பிடித்தபடி, "எளிமை ரொம்பக் கஷ்டம்யா" என்று அவர்கள் முனகும்போது அவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த உத்தரவு வந்தது. ஆணையத்தில் வேலை செய்கிற எல்லோரும் எளிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆண்டு விழாவுக்குள் வாங்காதவர்கள் வேலையை விட்டுவிட்டு, ஆணையம் கொடுத்திருக்கும் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும்.

கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு பழைய சோபாக்களைக் கொண்டுபோய் ஆணையத்தின் கிடங்கில் கொட்டினார்கள். லிப்ட்காரர் மட்டும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

"நமக்கு என்ன கவலை?" என்றாள் அவர் மனைவி. "நம்ம வீட்டுக்கு எலி வந்தாக்கூட ஒளிய இடமில்லன்னு திரும்பிப் போயிடும். முதல் சான்றிதழ் நமக்குத்தான்."

ஓர் அறை, ஒட்டினாற்போல் அடுப்படி, பின்னால் ஒரு குழாயும் துவைக்கும் கல்லும். அறையில் இருந்த ஒரே கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழாத பக்கத்தில் வாய் இருந்தது, அது நன்றாக வேலை செய்தது. எழுந்து போக முடியாதவர் என்பதால் விரிப்புகள் தினமும் நனையும், தினமும் துவைக்க வேண்டும். துவைத்துத் துவைத்து மனைவியின் உள்ளங்கைகள் வெடித்துக் கிடந்தன. சோற்றைப் பிசைந்தால் உப்பு பட்டு எரியும் என்று அவள் கரண்டியால்தான் சாப்பிடுவாள். யாராவது கேட்டால், "ஸ்டைலுங்க" என்பாள்.

ஆய்வாளர் அம்மா வந்தார். அவர் பின்னால் ஓர் உதவியாளர், கையில் மடக்கு நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், சின்ன மின்விசிறி, வாசனைத் தெளிப்பான். எளிமையைச் சோதிக்கப் போகிற இடத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியாதல்லவா?

வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா! என்ன ஒரு துணிச்சலான வெறுமை! இந்தச் சுவரை யாரு டிசைன் பண்ணது?"

"காரை உதிர்ந்துடுச்சு மேடம்" என்றார் லிப்ட்காரர் குற்றவாளி போல.

"உதிர விட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் இருக்கு ரசனை! எங்க அலுவலகச் சுவர்ல இதே மாதிரி வரவழைக்க வெளிநாட்டுலேருந்து ஆள் கூட்டிட்டு வந்தோம். சரி, சொல்லுங்க. சோபாவை எப்ப விட்டீங்க?"

"எந்த சோபா மேடம்?"

"உங்க சோபா."

"எங்களுக்கு சோபா இருந்ததே இல்லையே."

ஆய்வாளர் அம்மாவின் சிரிப்பு ஓர் அங்குலம் இறங்கியது. "ஃப்ரிட்ஜ்?"

"இல்லீங்க."

"கார்? சாப்பாட்டு மேசை? பீங்கான் பொம்மை? எதையாவது ஒன்னை, ஒரே ஒன்னையாவது, 'இது வேணாம்'னு மனசு வலிக்க வலிக்கத் தூக்கிப் போட்டிருப்பீங்கல்ல?"

மனைவி யோசித்துப் பார்த்தாள். "ஒரு பக்கெட் உடைஞ்சுது மேடம். அதையும் தூக்கிப் போடல, ஒட்டி வெச்சிருக்கேன்."

ஆய்வாளர் அம்மா மடக்கு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உதவியாளர் விசிறியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஏமாந்துட்டேன்" என்றார். "இது எளிமையே இல்ல. இது வெறும் வறுமை."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கட்டிலிலிருந்து மாமனார் கேட்டார்.

"பட்டினி கிடக்கறதுக்கும் டயட்ல இருக்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா பெரியவரே?"

"வயித்துக்கு அது தெரியுமாம்மா?"

"அதனாலதான் வயித்தை யாரும் ஆலோசனைக் குழுவுல போடறதில்ல" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அம்மா எழுந்தார். லிப்ட்காரருக்குச் சான்றிதழ் இல்லை. வெறுங்கை முழம் போடாது என்று தெரியும். வெறுங்கையோடு எளிமையாகவும் இருக்க முடியாது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

மறுநாள் தலைவரே அவரைக் கூப்பிட்டனுப்பினார். தலைவர் எப்போதும் ஒரே வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதே மாதிரி ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார் என்பது சலவைக்காரருக்கும் லிப்ட்காரருக்கும் மட்டும் தெரியும்.

"உங்க அறிக்கையப் படிச்சேன்" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஒரு மனுஷன் வாழ்க்கைல எதையுமே விட்டதில்லன்னா அவன் எவ்வளவு பாவப்பட்டவன்! என்னை எடுத்துக்கங்க. எத்தனை காரை விட்டிருக்கேன் தெரியுமா? ஒவ்வொன்னா வாங்கி, ஒவ்வொன்னா விட்டிருக்கேன். புதுசு வாங்கினாத்தானே பழசை விட முடியும்? கடலோர வீட்டை விட்டப்ப எனக்கு எப்படி வலிச்சது! இப்பவும் மலை வீட்டு மாடில உட்கார்ந்து அதை நினைச்சா கண்ணு கலங்கிடும். அந்த வலி உங்களுக்குக் கிடைக்கலையேன்னுதான் என் வருத்தம்."

லிப்ட்காரருக்கே தன்மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழும்போது ஆட்டுக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும்.

"நான் என்ன செய்யணுங்க ஐயா?"

"நீங்க ஒன்னும் செய்ய வேணாம். ஆணையம் எதுக்கு இருக்கு? நம்ம கிடங்குல மத்தவங்க விட்ட சாமான் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அதுல கொஞ்சம் உங்க வீட்டுக்கு அனுப்பறோம். நீங்க அதையெல்லாம் அனுபவிச்சு, ஆசைப்பட்டு, 'ஐயோ இது இல்லாம முடியாது'ங்கற நிலைக்கு வரணும். வந்த உடனே விடணும். இதுக்கு 'உடைமைப் பயிற்சி'ன்னு பேர் வெச்சிருக்கேன். நான்தான் வெச்சேன்."

"இரவலாங்க ஐயா?"

தலைவர் முகம் சுளித்தார். "இரவல் சாமானை எப்படித் துறக்க முடியும்? அது நாடகம் ஆயிடும். முழுசா உங்களுக்கே சொந்தம். சட்டப்படி எழுதிக் கொடுத்துடுவோம்."

"அப்புறம் நாங்க விடலன்னா?"

"விடலன்னா சாமான் உங்களோடது" என்று சிரித்தார் தலைவர். "வேலையும் வீடும் எங்களோடது. அப்படி ஒரு முட்டாள் இதுவரைக்கும் பிறக்கல."

லாரி வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் குடும்பம் அன்று கண்டுகொண்டது. சோபா வாசல் வழியாக நுழையவில்லை. ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து உள்ளே தள்ளினார்கள். பின்னாலேயே பன்னிரண்டு பேர் சாப்பிடும் மேசை, ட்ரெட்மில், பொம்மைகளோடு ஒரு கண்ணாடி அலமாரி, காபி போடும் இயந்திரம், கால் பிடித்துவிடும் நாற்காலி, ஒரு நாய் வீடு. நாய் இல்லையே என்று லிப்ட்காரர் தயங்கியதற்கு, "நாயை விட்ட துக்கம் தனிப் பயிற்சி, அது மேல்நிலைக்கு" என்று லாரிக்காரர் விளக்கினார். கடைசியாக ஒரு வாஷிங் மிஷின் வந்தது. இடமில்லாமல் அதைப் பின்னால் குழாயடியில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

மாமனாரின் கட்டிலைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தள்ள வேண்டியதாயிற்று.

"உயிரோட இருக்கும்போதே மூடி போட்டுட்டீங்களே மாப்பிள்ளை" என்று கீழிருந்து குரல் வந்தது.

அடுப்படிக்குப் போக சோபாமேல் ஏறி ட்ரெட்மில்லில் இறங்க வேண்டும். ஒருநாள் யார் கை பட்டதோ, ட்ரெட்மில் ஓடத் தொடங்கிவிட்டது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு லிப்ட்காரர் நெடுநேரம் அடுப்படியை நோக்கி நடந்தும் அடுப்படி வந்து சேரவில்லை.

பற்று வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் அம்மா அடிக்கடி வந்தார்.

"இந்த ட்ரெட்மில் உங்களோடது. பார்த்ததும் நெஞ்சு பூரிக்குதா?"

"பூரிக்க முயற்சி பண்றேன் மேடம்."

"யாராவது இந்த சோபால உட்கார்ந்தா உங்களுக்கு வயிறு எரியணும். எரியுதா?"

"உட்கார்ந்தா நல்லாத்தான் மேடம் இருக்கு. நடுவுல ஆள் போக வழி கிடைக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட காட்டினீங்களா? பொறாமைப்பட்டாரா?"

"காவலாளிதான் மேடம் பக்கத்து வீடு. அவருக்கும் இதே லாரிதான் வந்துச்சு. சாமானை உள்ள வெச்சுட்டு அவர் வெளியில நிக்கறார். ஆபீஸ்லயும் நிக்கறார், வீட்டுலயும் நிக்கறார்."

ஆய்வாளர் அம்மா பெருமூச்சு விட்டார். "உங்களுக்கெல்லாம் ஆசைப்படவே தெரியல. அடிப்படையே இல்ல. எங்க வீட்டுல பாருங்க, சின்ன வயசுலயே ஒவ்வொரு சாமானுக்கும் அடிச்சுக்குவோம். அந்த வளர்ப்பு வேணும். கணவன் மனைவி ரெண்டு பேரும் இந்த அலமாரிக்காக ஒரு தடவையாவது சண்டை போடுங்க. வீட்டுப்பாடம்னு வெச்சுக்கங்க."

அன்று இரவு அவர்கள் உண்மையிலேயே முயன்றார்கள். "அலமாரி எனக்குத்தான்" என்று லிப்ட்காரர் ஆரம்பித்தார். "நீங்களே எடுத்துக்கங்க, புண்ணியமாப் போகட்டும்" என்றாள் மனைவி. சண்டை அதோடு முடிந்துவிட்டது. இந்த லட்சணத்தில் சான்றிதழ் எங்கே கிடைக்கப் போகிறது என்று அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

இதற்கிடையில் குழாயடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சும்மாதானே கிடக்கிறது என்று மனைவி ஒருநாள் வாஷிங் மிஷினுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுத்து விரிப்புகளை உள்ளே போட்டாள். பொத்தானை அமுக்கிவிட்டு, ஏதாவது ஆகிவிடுமோ என்று ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. மிஷின் முனகியது, சுற்றியது, தண்ணீரைக் கக்கியது. திறந்து பார்த்தால் விரிப்புகள் சுத்தமாக, பிழிந்து, கிட்டத்தட்டக் காய்ந்தே கிடந்தன.

மறுநாள் அதன் எதிரே உட்கார்ந்து, உள்ளே துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கடுத்த நாள் உட்காரவில்லை. உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்த லிப்ட்காரர், வெயில் இருக்கும்போதே மனைவி தூங்குவதைக் கண்டு காய்ச்சலோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. அவருக்கு ஏனோ அழுகை வந்தது.

கொஞ்ச நாளில் உள்ளங்கை வெடிப்புகள் மூடிக்கொண்டன. அவள் கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அதையும் அவர் பார்த்தார்.

அவர் பார்க்காத ஒன்றை மாமனார்தான் சொன்னார். ஒரு மாலையில் மேசைக்கு அடியில் குனிந்து தண்ணீர் கொடுத்தபோது கிழவர் முழுவதையும் மடமடவென்று குடித்துவிட்டு இன்னும் கேட்டார்.

"என்ன மாமா, இவ்வளவு தாகம்?"

"தாகம் எப்பவும் இருக்கும் மாப்பிள்ளை. குடிச்சா நனைக்கணும், நனைச்சா அவ துவைக்கணும். அந்தக் கையப் பார்த்துட்டு எவன் தண்ணி கேப்பான்? இத்தனை நாள் நாக்கை நனைச்சுக்கிட்டு ஓட்டிட்டேன். இப்பதான் வயிறு நிறைய குடிக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவா" என்றார்.

லிப்ட்காரர் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அடுத்த முறை ஆய்வாளர் அம்மா வந்தபோது மனைவி மிஷினை ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதவியாளர் தன் பையை அதன்மேல் வைத்தார். "ஐயோ, கீறிடப் போகுது, எடுங்க!" என்று அவள் பதறினாள்.

ஆய்வாளர் அம்மா துள்ளினார். "பற்று! பார்த்தீங்களா? சுத்தமான, அசல் பற்று! அம்மா, இது இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

"முடியாது மேடம்" என்றாள் அவள் வெகுளியாக.

"பிரமாதம்! அப்ப இதைத்தான் விடறீங்க. ஆண்டு விழா மேடையில!"

அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டதால் மற்ற சாமான்களெல்லாம் மறுபடி லாரி ஏறின. அவற்றை விடுவதாக லிப்ட்காரர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷமாக விட்டது துறவில் சேராது என்று ஆய்வாளர் அம்மா கண்டித்துவிட்டுப் போனார். வீடு பழையபடி ஆயிற்று. மேசை போனதும் மாமனார் கூரையைப் பார்த்து, "அப்பாடா, வானம் தெரியுது" என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் கணவனும் மனைவியும் குழாயடியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"விட்டுடலாங்க" என்றாள் அவள். "வீடு போச்சுன்னா அப்பாவ எங்க வெச்சுப் பாக்கறது? கை வலி எனக்கு என்ன புதுசா? மறுபடி கரண்டி எடுத்துக்கறேன். அவ்வளவுதானே."

"உனக்கு வேணாமா?"

"வேணாம்னு யாரு சொன்னா?" என்று வெடித்தாள். "வேணுங்க! எனக்கு வேணும்! இதுக்கு முன்னாடி எதையாவது வேணும்னு கேட்டிருக்கேனா? இதையும் கேட்டிருக்க மாட்டேன், அவங்களாத்தானே கொண்டாந்து வெச்சாங்க! ருசி காட்டிட்டுப் பிடுங்கறதுக்குப் பேரு எளிமையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விட்டுடலாம்" என்று மறுபடி சொன்னாள்.

மறுநாள் காலையில் லிப்ட்காரர் புறப்படும் முன் மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுபோனார். கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் மாப்பிள்ளை. தாகம் இல்ல."

உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. குழாயடிப் பேச்சு அறைக்குள் கேட்டிருக்கிறது. லிப்ட்காரர் டம்ளரைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

வெறுமைக் கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலிகள், பூக்கள், ஆளுயர விளக்குகள், வாத்தியக் குழு. மேடையின் பின்னால் 'எதுவும் வேண்டாம்' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தார்கள். வாஷிங் மிஷினுக்கு ரோஜா மாலை போட்டு, நாடா கட்டி, அவருடைய லிப்டிலேயே மேலே கொண்டுவந்திருந்தார்கள். முதல் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் பேசினார்.

"நண்பர்களே! இந்த ஏழையைப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன்பு இவரிடம் ஒன்றுமே இல்லை. அதாவது, துறக்க ஒன்றுமே இல்லை! நாம் இவருக்குக் கொடுத்தோம். எதற்காக? எடுத்துக்கொள்வதற்காக! கொடுப்பது யாராலும் முடியும். கொடுத்ததை எடுத்துக்கொண்டு, அதை அவருடைய ஆன்மிக வளர்ச்சியாக மாற்ற நம் ஆணையத்தால்தான் முடியும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒலிபெருக்கி லிப்ட்காரர் கைக்கு வந்தது. 'மனமார விடுகிறேன்' என்று ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாயைத் திறந்தார்.

"விட மாட்டேங்க."

அரங்கம் மெய்மறந்து கைதட்டியது. "அருமை! வலி பேசுது!" என்றார் தலைவர். "இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும். அப்புறம் விடலாம்."

"வலிக்கலீங்க ஐயா. எனக்கு வேணும்."

"என்ன வேணும்?"

"இந்த மிஷின் வேணும். எங்க வீட்டுல ஒருத்தர் தண்ணி குடிக்கணும்."

அந்தக் கட்டடத்தில் தினமும் ஆயிரம் சாமான் வேண்டியிருந்தது. ஆனால் 'வேணும்' என்று வாய்விட்டு யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. பின்வரிசையில் ஓர் அம்மாள் அசிங்கமான சொல்லைக் கேட்டதுபோல் காதைப் பொத்திக்கொண்டார். தண்ணீருக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று மேடையில் இருந்த யாருக்கும் விளங்கவில்லை. முதல் வரிசையில் ஒருத்திக்கு விளங்கியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வேலை போயிடும்" என்றார் தலைவர் மெதுவாக. "வீடும்."

"தெரியுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா பயமா இருக்குங்க ஐயா. அதனால யோசிக்கல."

மனைவி மேடைக்கு வந்து ஒரு பக்கம் பிடித்தாள், அவர் மறுபக்கம் பிடித்தார். இருவருமாக மிஷினை லிப்டுக்குள் தள்ளினார்கள். வழியில் மாலை அறுந்து பூக்கள் கம்பளத்தில் உதிர்ந்தன. கீழே இறங்கும்போது, "ஏங்க, அப்பா தண்ணி குடிக்காமத்தான் இருந்தாரா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அவள் மிஷினில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து எறிந்தாள். மேலே அன்று நாற்காலிகளை இறக்க ஆளில்லாததால் எளிமைப் படம் எடுக்க முடியாமல் போயிற்று என்று காவலாளி பிற்பாடு சொன்னார்.

சந்தைக்குப் பின்னால், மூட்டை அடுக்கி வைத்திருந்த ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஆணைய வீட்டில் பாதிதான் இருக்கும். தரை மேடும் பள்ளமும். அலைந்து திரிந்து லிப்ட்காரர் ஓர் ஆஸ்பத்திரி லிப்டில் வேலை பிடித்தார். அங்கே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தால் அதில் ஆள் இருந்தார்கள். அதுவே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மனைவி அக்கம்பக்கத்துத் துணிகளையும் மிஷினில் போட்டுக் கொடுத்தாள். கஷ்டம்தான். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டுதான் படுத்தார்கள். ஆனால் கிழவர் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஒருநாள் அந்தச் சந்துக்குள் ஒரு நீளமான கார் நுழைய முடியாமல் நுழைந்தது. ஆய்வாளர் அம்மா இறங்கினார். உதவியாளர் கையில் ஒரு மரப்பெட்டி.

"உங்களைத் தேடாத இடமில்ல!" என்றார் மூச்சு வாங்க. "அன்னிக்கு எங்களுக்கெல்லாம் கோபம்தான். அப்புறம் தலைவர் மலை வீட்டுல உட்கார்ந்து சிந்திச்சார். அவருக்குப் பளிச்சுன்னு தோணிச்சு. நீங்க வேலையை விட்டீங்க! வீட்டை விட்டீங்க! பேரு புகழ், எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே ஒரு பொருளோட வெளியேறினீங்க! இப்படி ஒரு துறவு எங்க சரித்திரத்துலயே இல்ல. தலைவர்கூட வீட்டை விட்டா இன்னொரு வீட்டுக்குத்தானே போவார்? ஆண்டறிக்கையில முதல் பக்கமே நீங்கதான்."

மரப்பெட்டிக்குள் வெல்வெட் பெட்டி இருந்தது. அதற்குள் பட்டுத் துணி. பட்டுக்குள், ஓரமெல்லாம் பொன் பூசிய கனத்த அட்டையில், பரம எளிமைச் சான்றிதழ்.

"அப்ப வேலை திரும்பக் கிடைக்குங்களா மேடம்?" என்று லிப்ட்காரர் கேட்டார். இன்னும் திருந்தாத மனிதர்.

"அது எப்படி? வேலை கொடுத்தா உங்க துறவு என்ன ஆகறது?" ஆய்வாளர் அம்மா பதறினார். "ஒரே ஒரு போட்டோ போதும். அம்மா இதைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தச் சுவரோரமா நிக்கட்டும். மிஷின் மட்டும் படத்துல விழ வேணாம். அதைக் கொஞ்சம் வெளியில தள்ளிடலாமா?"

மிஷின் அப்போது பிழிந்துகொண்டிருந்தது. மேடுபள்ளத் தரையில் ஒரு கால் பாவாமல், தடதடவென்று ஆடி, அங்குலம் அங்குலமாகக் கதவைப் பார்த்து நகர்ந்து வந்தது. மனைவி இடுப்பால் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். ஒரு கையை நீட்டிச் சான்றிதழை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். முட்டியில் வைத்து இரண்டாக மடித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா, அது..." என்றார் ஆய்வாளர் அம்மா.

"ஏங்க, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்க."

லிப்ட்காரர் தூக்கினார். அவள் குனிந்து அதை மிஷினின் பாவாத காலுக்கு அடியில் செருகினாள்.

நல்ல கெட்டி அட்டை. ஆணையம் எதிலும் மட்டமான சாமான் வாங்குவதில்லை. மிஷின் ஆடாமல் ஓடியது.